லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லையா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது: முழுமையான வழிகாட்டி

"வைஃபை போச்சு" என்று எனக்கு வருகிற போன்களில் பலவற்றில் வைஃபை போயிருக்காது. ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது தெருவில் லாரி இழுத்து ஃபைபர் அறுந்திருக்கும். ஆனால் எனக்குப் போன் வருவதற்குள் அந்த வீட்டில் ஒருவர் லேப்டாப்பின் வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை அழித்திருப்பார். இன்னொருவர் ரவுட்டரின் பின்னால் ஊசியால் குத்தி ரீசெட் செய்திருப்பார். ஒரு கோளாறு மூன்றாகியிருக்கும்.

உறவுக்காரர்கள் வீட்டிலும் எங்கள் குடியிருப்பிலும் இந்த வேலை பல வருடமாக என் தலையில்தான் விழுகிறது. அதில் தெரிந்துகொண்டது, செய்கிற காரியங்களை விட அவற்றைச் செய்யும் வரிசைதான் முக்கியம். கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிக்கானது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வைஃபை வேறு, நெட் வேறு. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் போவது வைஃபை. ரவுட்டரிலிருந்து வெளியே கம்பி வழியாகப் போவது நெட். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் சமையலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்?

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மொபைல் டேட்டா உள்ள ஒரு போன். இதுதான் நமக்குச் சாட்சி. லேப்டாப்பில் வருகிற கோளாறு போனிலும் வருகிறதா என்று பார்க்கத்தான் இது முதலில் தேவைப்படும்.

அந்த போனின் யுஎஸ்பி கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிள் உதவாது, டேட்டாவும் போக வேண்டும். லேப்டாப்பில் வைஃபை டிரைவர் செத்துப்போனால் இந்தக் கேபிளில் யுஎஸ்பி டெதரிங் போட்டு, அதாவது போனின் நெட்டை லேப்டாப்புக்கு வாங்கித்தான் புது டிரைவரை இறக்க முடியும்.

முடிந்தால் லேப்டாப்பை ரவுட்டரோடு நேராக இணைக்கும் ஒரு லேன் கேபிள். பெரும்பாலும் ரவுட்டர் வந்த டப்பாவுக்குள்ளேயே மஞ்சள் நிறத்தில் ஒன்று பிரிக்காமல் கிடக்கும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படம். வைஃபை பெயர், முதல் பாஸ்வேர்டு, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் அட்மின் பக்கத்தின் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கும். ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டே எழுத்துகளைப் படிக்கிற சிரமம் மிச்சம்.

கடைசியாக ஒரு பேப்பர், பேனா. எதை மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றி அது சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரியுங்கள்

போனை எடுத்து மொபைல் டேட்டாவை அணையுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் இருக்கட்டும். இதுவரை திறக்காத ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மேலே வைஃபை அடையாளம் தெரிந்துகொண்டே இருக்கும், பக்கமும் திறக்கும். "போன்ல வருதே, லேப்டாப்லதான் வரல" என்று சொல்லி வைப்பார்கள். நானும் அதை நம்பி லேப்டாப்பைப் பிரித்து மேய்ந்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதும் சோதனை ஆகாது. பழைய செய்திகள் நெட் இல்லாமலே தெரியும்.

போனிலும் திறக்கவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடாதீர்கள். கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. 2, 3 ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நேராக 10-க்குப் போங்கள்.

போனில் திறக்கிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள். 4-இலிருந்து தொடங்குங்கள்.

2. ரவுட்டரின் விளக்குகளைப் படியுங்கள்

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் பவர், பான் (PON), லாஸ் (LOS), லேன் (LAN), வைஃபைக்கான டபிள்யூலேன் (WLAN) என்று சில விளக்குகள் இருக்கும். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி. அப்படியென்றால் இரண்டையும் பாருங்கள்.

லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது முனை கழன்றிருக்கிறது. பரணில் எலி கடித்த கதையும் உண்டு. வயரை மெல்ல மேலிருந்து கீழே பார்த்து வாருங்கள். கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. மின்சார வயரைப் போல மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

முனையைக் கழற்றினால் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். "ஒண்ணும் தெரியலையே" என்று உற்றுப் பார்ப்பதுதான் ஆபத்து.

பான் விளக்கு நிற்காமல் மினுக்கினால், ஒளி வருகிறது, ஆனால் பெட்டி நிறுவனத்தின் கருவியோடு இன்னும் பதிவாகவில்லை. சில நிமிடம் பொறுத்தும் அப்படியே இருந்தால் அது அவர்கள் வேலை.

பான் நிலையாக எரிகிறது, லாஸ் அணைந்திருக்கிறது, ஆனாலும் எந்தக் கருவியிலும் நெட் இல்லை என்றால் முதலில் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வீட்டிலேயே இரண்டு முறை இதுதான் காரணம்.

டபிள்யூலேன் விளக்கு எரியவில்லையா? பல பெட்டிகளின் பக்கவாட்டில் வைஃபையை அணைத்துப்போடும் சிறிய பொத்தான் உண்டு. துடைக்கும்போது கை பட்டாலே அணைந்துவிடும். ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

3. அணைத்துப் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு

சுவிட்சைத் தட்டி உடனே திரும்பப் போடுவதில் பயனில்லை. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய 30 விநாடியாவது விடுங்கள்.

இரண்டு பெட்டி இருந்தால் முதலில் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள். பான் விளக்கு நிலைக்கும் வரை காத்திருங்கள், அப்புறம் ரவுட்டரைப் போடுங்கள். ரவுட்டர் எழுந்தவுடன் மேலிருந்து முகவரி (நெட்டில் அதை அடையாளம் காட்டும் ஐபி எண்) கேட்கும். கொடுக்க வேண்டிய பெட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தால் சில ரவுட்டர்கள் கேட்டுக் களைத்துப் பேசாமல் இருந்துவிடும். கரண்ட் போய் வந்த பிறகு நெட் வராமல் போவதற்கு இது ஒரு காரணம், ஏனென்றால் அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் எழுகின்றன.

பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். ரவுட்டரைப் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் உடனே வராவிட்டாலும் பதற வேண்டாம். அந்த அலைவரிசையின் சில சேனல்களை (உட்பிரிவுகளை) ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அப்படிப்பட்ட சேனலில் ரவுட்டர் 60 விநாடியாவது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும் என்பது விதி.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பின்னால் ரீசெட் என்று ஒரு சின்னத் துளை இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். நெட் இணைப்புக்கான யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் பதிவாகியிருந்தால் அவையும் போய்விடும். அத்தை வீட்டில் ஒரு சனிக்கிழமை இரவு இப்படித்தான் நடந்தது. அவர்கள் கனெக்‌ஷன் எடுத்த நாளில் ஆள் வந்து பதிவு செய்து கொடுத்த யூசர் பெயர் யாரிடமும் இல்லை. திங்கள்கிழமை மதியம் ஆள் வரும்வரை வீட்டில் நெட் கிடையாது. முதலில் இருந்த கோளாறு என்னவென்றால், லேப்டாப்பில் ஏரோப்ளேன் மோடு போடப்பட்டிருந்தது.

4. லேப்டாப்பில் வைஃபை என்ற பொத்தானே காணவில்லை என்றால்

கீழே வலது மூலையில் வைஃபை அடையாளத்துக்குப் பதில் பூமி உருண்டை படம் இருக்கிறது, அதைத் தட்டினால் வைஃபை பொத்தானே இல்லை. இந்த நிலையில் பாஸ்வேர்டைப் பற்றியோ சிக்னலைப் பற்றியோ யோசிப்பது வீண். விண்டோஸுக்கு வைஃபை கார்டே கண்ணில் படவில்லை.

ஏரோப்ளேன் மோடு அணைந்திருக்கிறதா பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானம் அல்லது ஆண்டெனா படம் போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்களில் விளிம்பில் ஒரு தள்ளு சுவிட்ச்கூட இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதுவே போதுமான விளக்கம்.

அடுத்து ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி பெரும்பாலும் போடப்பட்டே வரும். ஷட்டவுன் செய்யும்போது அது டிரைவர்களின் நிலையை அப்படியே டிஸ்க்கில் சேமித்து, திரும்ப எழும்போது அதையே எடுத்துப் போடுகிறது. குழம்பிப்போன டிரைவர் குழம்பியபடியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி எழுப்புங்கள். கேட்க மந்திரம் போலத் தோன்றும். ஆனால் வைஃபை கார்டு தொங்கிப்போய் நிற்கும்போது அதற்குப் போகிற மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தினால்தான் அது விழித்துக்கொள்ளும். காணாமல் போன கார்டு இந்த ஒரு காரியத்தில் திரும்ப வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கும் பிறகுதான் டிரைவர். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பகுதியை விரியுங்கள். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் இவற்றில் ஒரு பெயரோடு வயர்லெஸ் அல்லது வைஃபை என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் தகராறு. நேற்று அப்டேட் ஆகி இன்று கெட்டிருந்தால் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டிரைவர் பகுதியில் ரோல் பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும்.

அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். முதல் முறை அதை டிக் செய்யாதீர்கள். செய்துவிட்டால் கணினியில் டிரைவரும் இருக்காது, அதை இறக்க நெட்டும் இருக்காது. ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? சரி, அதற்குத்தான் யுஎஸ்பி கேபிள். போனைச் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங் போட்டு, லேப்டாப் செய்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். டிரைவரைத் தானே தேடிப் போடும் என்று விளம்பரம் செய்கிற மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். ஒரு டிரைவருக்குப் பதில் ஒன்பது தொல்லைகளைக் கொண்டுவரும்.

மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். மதர்போர்டோடு வந்த ஆண்டெனாக்களைத் திருகாமலே டப்பாவில் வைத்திருப்பவர்கள் உண்டு. ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் அதில்லாமலும் கொஞ்சம் சிக்னல் வரும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

5. பக்கத்து வீட்டுப் பெயர்கள் வருகின்றன, நம் வீட்டுப் பெயர் வரவில்லை

கார்டு வேலை செய்கிறது என்பது தெளிவு. போனில் நம் பெயர் தெரிகிறதா பாருங்கள். போனிலும் இல்லை என்றால் ரவுட்டரின் வைஃபை அணைந்திருக்கிறது, 2-க்குத் திரும்புங்கள்.

போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் அலைவரிசைதான் காரணமாக இருக்கும். மலிவு விலை லேப்டாப்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் கார்டு இருக்கிறது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் அந்த லேப்டாப்புக்கு அது இல்லாத ரவுட்டர்.

உறுதி செய்ய, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சிஎம்டி (cmd) என்று அடித்து எண்டர் கொடுங்கள். கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' (netsh wlan show drivers) என்று அடியுங்கள். (கட்டளைகளைத் தமிழில் எழுதி அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.) ரேடியோ வகைகள் என்ற வரியில் 802.11ஏ அல்லது 802.11ஏசி இருந்தால் 5 பிடிக்கும். பி, ஜி, என் மட்டும்தான் என்றால் 2.4 மட்டும்தான். ரவுட்டரில் 2.4-ஐயும் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

2.4-இலேயே தெரியவில்லை என்றால் ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கலாம். இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் அமெரிக்கக் கணக்குக்கு அமைக்கப்பட்ட கார்டுகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. அட்மின் பக்கத்தில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றுங்கள்.

6. பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் வருகிற கோளாறு இது. லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே கொடுத்துக்கொண்டிருக்கும். பெயர்மேல் வலது கிளிக் செய்து ஃபர்கெட் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அடிக்கும்போது கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்தே அடியுங்கள். பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஸ்டிக்கரில் இரட்டைப் பிள்ளைகள். போன் ஏற்கெனவே இணைந்திருந்தால், வைஃபை பகிர்வு பக்கத்தில் க்யூஆர் கட்டத்தின் கீழே பல ஆண்ட்ராய்டு போன்கள் பாஸ்வேர்டை எழுத்தாகவே காட்டும். அதைப் பார்த்து அடித்தால் சந்தேகமே இல்லை.

பாஸ்வேர்டு சரியென்று உறுதியான பிறகும் பழைய லேப்டாப் மட்டும் மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டிருந்தால் பழைய கார்டுகளுக்கு அந்தப் பேச்சு புரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பாதுகாப்பையே எடுத்துவிட்டுத் திறந்து வைப்பது தீர்வு ஆகாது.

7. இணைந்திருக்கிறது, ஆனால் நெட் இல்லை

அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். இங்கே ஊகம் வேண்டாம், கறுப்பு ஜன்னலில் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொன்றும் லேப்டாப்பிலிருந்து ஓரடி வெளியே போகிறது. எந்த அடியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

முதல் கேள்வி: எனக்கு முகவரி கிடைத்ததா? 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று அடியுங்கள். வைஃபை பகுதியில் ஐபிவி4 முகவரி என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்து விண்டோஸ் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபி அசைன்மென்ட் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். ஆபீஸில் யாராவது கையால் முகவரி போட்டுக் கொடுத்திருந்தால் வீட்டில் அது செல்லாது. அது சரியாக இருந்தால் ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டாவது: ரவுட்டர் பேசுகிறதா? அதே இடத்தில் டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ரவுட்டர்களில் 192.168.29.1. 'பிங்' (ping) என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை அடியுங்கள். நான்கு வரி பதில், ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்டில் வந்தால் வைஃபை நலமாக இருக்கிறது.

இங்கே ஒரு கண்கட்டு உண்டு. பதில் வரி 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கினாலே போதும் என்று விட்டுவிடுவார்கள். வரியின் கடைசி வரை படியுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று முடிந்தால் அது உங்கள் லேப்டாப் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பதில், ரவுட்டர் பேசவே இல்லை. கூத்து என்னவென்றால், அடியில் வருகிற கணக்கில் நான்கு அனுப்பி நான்கும் வந்ததாகத்தான் காட்டும்.

மூன்றாவது: வெளியே போக முடிகிறதா? 'பிங் 8.8.8.8' என்று அடியுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். ரவுட்டர் பேசி இது பேசவில்லை என்றால் நெட் வெளியில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் போனிலும் வந்திருக்கக் கூடாது. போனில் வந்தது என்றால் மொபைல் டேட்டாவை உண்மையிலேயே அணைத்தீர்களா என்று மறுபடி பாருங்கள். அதுவும் சரி என்றால் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள்) ஏதாவது லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும், அணையுங்கள்.

நான்காவது: பெயர் புரிகிறதா? 'பிங் விக்கிப்பீடியா.ஆர்க்' (ping wikipedia.org) என்று அடியுங்கள். 8.8.8.8 பேசி, இதற்கு மட்டும் ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற வேலை அதனுடையது. முதலில் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns) அடித்துப் பாருங்கள், இடையில் ஓர் இடைவெளி வேண்டும். போதவில்லை என்றால் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ்ஸை மேனுவலாக்கி 8.8.8.8, அடுத்ததாக 1.1.1.1 என்று கொடுங்கள்.

நான்கும் சரியாக இருந்து பிரவுசரில் மட்டும் ஒன்றும் திறக்கவில்லையா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, செட்டிங்ஸில் ப்ராக்ஸி, அதாவது பிரவுசர் நெட்டுக்குப் போக நடுவில் வைக்கிற வாசல். இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுப் பிறகு நீக்கியவர்களுக்கு அது ப்ராக்ஸியை மட்டும் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கும். இல்லாத வாசல் வழியாகப் பிரவுசர் போகப் பார்க்கும். யூஸ் எ ப்ராக்ஸி சர்வர் என்பதை அணையுங்கள்.

இரண்டு, கடிகாரம். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. லேப்டாப் 2015-இல் இருப்பதாக நினைத்தால் எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாததாகத் தெரியும். மேசைக் கணினியில் ஒவ்வொரு முறை கரண்ட் போனதும் தேதி பின்னே ஓடினால், மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. கடையில் சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள்.

8. வருகிறது, விட்டுவிட்டுப் போகிறது

இதில்தான் பொறுமை வேண்டும். இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறந்து பக்கம் பக்கமாக வையுங்கள். ஒன்றில் கேட்வே எண்ணுக்கும் இன்னொன்றில் 8.8.8.8-க்கும் பிங் அடியுங்கள். இரண்டிலும் எண்ணுக்குப் பிறகு இடைவெளி விட்டு '-டி' (-t) சேர்த்தால் நிற்காமல் ஓடும். வழக்கமான வேலையைப் பாருங்கள். அடுத்த முறை நெட் திணறும்போது திரும்பிப் பாருங்கள். இரண்டு ஜன்னலும் சேர்ந்து தடுமாறினால் வைஃபை கோளாறு. கேட்வே ஜன்னல் நிதானமாக ஓட, 8.8.8.8 மட்டும் டைம்ட் அவுட் காட்டினால் நெட் கோளாறு. நிறுத்த கன்ட்ரோலும் சி-யும். இந்த ஒரு சோதனையை மட்டும் யாராவது எனக்குப் பத்து வருடம் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும்.

வைஃபை கோளாறு என்று தெரிந்தால் லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் அறைக்கே தூக்கிப் போய் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அங்கே சரியாக ஓடினால் தூரமும் சுவரும்தான் காரணம். அங்கேயும் விழுந்தால் லேப்டாப்பின் கார்டோ ரவுட்டரோ.

மதுரையில் சித்தப்பா வீட்டில் முன்னறையில் நன்றாக வரும், படுக்கையறையில் வராது. நடுவில் ஒரே ஒரு சுவர். வேகமான பிளானுக்கு மாறியும் பார்த்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ரவுட்டர் முன்னறையில் டிவிக்குப் பின்னால், தரையை ஒட்டி இருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. செங்கல் சுவர் சிக்னலைக் குறைக்கும், இரும்புத் தகடு திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். பீரோவை நகர்த்த சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. ரவுட்டரைப் பீரோவின் உயரத்துக்கு மேலே, கதவு வழியாகப் படுக்கையறை தெரிகிற அலமாரியில் வைத்தோம். செலவு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

ரவுட்டரை வைக்கும் இடம் உயரமாக, திறந்ததாக, வீட்டின் நடுவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். கேபிள் ஆள் வயர் கொண்டுவந்த வாசலோரமே அதன் இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். மைக்ரோவேவ் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான், அதனால் சாப்பாடு சூடாகும் நேரம் வீடியோ நின்றுபோகலாம்.

5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். ஒரே அறையில் 5, இரண்டு சுவருக்கு அப்பால் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து லேப்டாப் மாறி மாறித் தாவினால், ரவுட்டரில் வெவ்வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் 2.4 நெரிசல் தாங்காது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்று மட்டுமே. போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்ததை எடுங்கள். யாரும் இல்லாத சேனல் என்று 3-ஐயோ 8-ஐயோ எடுப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும். அப்படி எடுத்தால் இரண்டு பக்கக் கூட்டத்தின் இரைச்சலும் உங்கள் மேல் விழும். அதே ஆப்பில் சிக்னல் அளவு மைனஸில் வரும். -50 பக்கம் அருமை, -70-ஐத் தாண்டினால் தள்ளாட்டம், -80-இல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகும்போது மட்டும் வைஃபை விழுகிறதா? யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 பக்கத்தில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதியிருக்கிறது. வைஃபை டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கார்டு) போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். டாங்கிளை ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள்.

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் விழுந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது.

எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் விழுந்து, ரவுட்டரின் விளக்குகளும் அணைந்து எரிந்தால் அது ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர். பழைய அடாப்டர் சூடானதும் வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட் எண்ணுக்கே வாங்குங்கள். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது.

9. நெட்வொர்க் ரீசெட்

லேப்டாப்பில் மேலே சொன்ன எதுவும் உதவாதபோது மட்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், அட்வான்ஸ்டு பகுதியின் அடியில் இருக்கும். 10-இல் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில். எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் ஐடி ஆளைக் கேட்காமல் செய்யாதீர்கள். முடிந்ததும் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் ஃபைல்களை முன்பே சேமித்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லை, லேன் கேபிளில் மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால் கார்டு பழுது. சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிளைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். அது ஓடினால் பெரும்பாலும் அதுவே போதும்.

10. சேவை நிறுவனத்துக்குப் போன் செய்யும் முன்

"நெட் வரல" என்று சொன்னால் எதிர்முனையில் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றுதான் தொடங்குவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வேறு தகவல் கொடுக்கவில்லையே.

பேப்பரில் எழுதியதைப் படியுங்கள். லாஸ் விளக்கின் நிறம், பான் மினுக்குகிறதா நிலைத்திருக்கிறதா, எத்தனை மணியிலிருந்து, எத்தனை கருவிகளில். "லேன் கேபிள் போட்டும் வரவில்லை, கேட்வே பிங் ஆகிறது, 8.8.8.8 ஆகவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். விட்டுவிட்டுப் போகும் கோளாறு என்றால் அந்த இரட்டை ஜன்னலின் படத்தை எடுத்து வையுங்கள், நேரம் மூலையில் தெரியும்படி. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஆள் வரும் நாளில் நெட் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கி, ரவுட்டர் ஸ்டிக்கர் படத்தோடு சேர்த்து வையுங்கள்.